தை மாதத்தில் பிறக்கும் காட்டுத்தீ

கோடை வந்துவிட்டால் தில்லித் தமிழர்களாகிய நமக்கு மலைமீது காதல் பிறந்துவிடுகிறது. கத்திரி வெயிலுக்கு அஞ்சி நைனிதாலுக்கும் அல்மோராவுக்கும் மூட்டை கட்டுகிறோம். அதே நாட்களில்தான் அம்மலைகளில் காடுகள் எரிகின்றன. வெயிலால் காடு எரிகிறது என்று பொதுவாகச் சொல்கிறோம். ஆனால் வெயில் விறகை உலர்த்தித் தருகிறதே அன்றி, நெருப்பை வைப்பவன் பெரும்பாலும் மனிதனே.

மே மாதத்துத் தீயின் தலையெழுத்து தை மாதத்திலேயே எழுதப்பட்டுவிடுகிறது. மேற்கிலிருந்து வரும் குளிர்காலக் காற்றுச் சுழற்சிகளே இமயச் சரிவுகளுக்கு மழையும் பனியும் கொணர்கின்றன. அவை பொய்த்தால் மண் ஈரமிழக்கும். பின்னர்ப் பங்குனி, சித்திரையில் சீர்ப் பைன் மரங்கள் ஊசியிலைகளை உதிர்க்கின்றன. மலைமக்கள் ‘பிருல்’ என்றழைக்கும் அச்சருகு பிசின் நிறைந்தது. ஒரு பீடித்துண்டே அதற்குப் போதும். பகலில் காற்று பள்ளத்திலிருந்து மேல்நோக்கி வீசுவதால், சுடர் சாய்ந்து மேலுள்ள சருகை முன்னரே காய்ச்சிவிடுகிறது. அதனால் தீ மலையேறுவதில் மனிதனை வென்றுவிடுகிறது.

2016-இல் விமானப்படையின் ஹெலிகாப்டர்கள் பீம்தால் ஏரியின் நீரை முகந்து எரியும் காடுகளின்மேல் ஊற்றின. 2024 ஜனவரியில் மழையும் பனியும் மிக அரிதாயின. அவ்வாண்டு ஜூன் 13 அன்று பின்சர் சரணாலயத்தில் தீயணைக்கச் சென்ற வனப் பணியாளர் நால்வர் மாண்டனர். தீ மூண்டபின் எத்துணை வீரம் காட்டினும் காலம் கடந்ததே.

ஒரு பங்குனியில் அல்மோராவுக்கு அருகே தங்கியிருந்தபோது, பெண்கள் பிருலை வாரிக் கூடைகளில் சுமந்து செல்லக் கண்டேன். எதற்கென்று வினவினேன். மாட்டுக்குப் படுக்கையாகும், பாதையும் தீக்குத் தப்பும் என்றார் ஒரு மூதாட்டி. அம்மாவட்டத்துச் சீத்லாகேத் பகுதி ஊரார், வயலோரத்தில் வெட்டிய புதர்களை மார்ச் 31-க்குள் எரித்து முடிப்பதென்று தமக்குள் கட்டுப்பாடு செய்துகொண்டுள்ளனர். அதன்பின் வெயிலும் காற்றும் வலுத்து, வயலில் இட்ட நெருப்பு காட்டுக்குள் ஓடிவிடும் என்பதை அவர்கள் அறிவர். வானிலையை மாற்ற இயலாது. அதன் போக்கறிந்து முன்னதாகச் செயற்பட இயலும்.

இது மலைவாழ் மக்களின் கவலை மட்டும் அன்று. சோனியா விகாரில் சுத்திகரிக்கப்பட்டு நம் குழாய்களுக்கு வரும் கங்கை நீர் உத்தராகண்ட மலைகளில் பிறந்தது. எரிந்த சரிவில் மழைநீர் தங்காது. மண்ணையும் அரித்துக்கொண்டு ஓடிவிடும். வந்த இடத்தில் வேரூன்றி, அந்நிலத்தின் நீரருந்தி வாழும் நமக்கு அதைக் காக்கும் கடமையும் உண்டு.

ஆதலால் அன்பர்களே, பிப்ரவரி நடுவிலிருந்து ஜூன் நடுவரை நீளும் தீக்காலத்தில் மலைக்குச் செல்லுங்கால் காட்டோரம் அடுப்பு மூட்டாதீர்கள். அணையாத துண்டை வீசாதீர்கள். அக்குளிர்காலத்தில் அங்கு மழை பெய்ததா என்று கேட்டறிந்து செல்லுங்கள். பெய்யவில்லை எனில் உங்கள் குழந்தைகளிடமும் அதைச் சொல்லிவையுங்கள்.