கோன்கார் கியாட்ஸோவின் புத்தர்கள்

நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் கோன்கார் கியாட்ஸோவை 'ஸ்டிக்கர் ஒட்டும் சாமர்த்தியம்' என்று ஒரே வரியில் தள்ளிவிட்டிருந்தேன். அந்த வரியை வாபஸ் வாங்க வேண்டியிருக்கிறது.

நான் பார்த்தவை பிரதிகள் மட்டுமே. வங்கியிலிருந்து திரும்பிய பிறகு, இரவில், கணினித் திரையில். 2011-இல் அவர் செய்த 'டிஸெக்டட் புத்தா' நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூஸியத்தில் இருக்கிறது. ஆளுயரத்தை மீறிய படம். தள்ளி நின்றால் பூமியைத் தொடும் முத்திரையில் புத்தர். நெருங்கினால் அந்த உடம்பு முழுக்க ஸ்டிக்கர்கள், அச்சடித்த துண்டுகள், கடைத்தெருவின் குப்பை. இப்படி நெருங்குவதும் விலகுவதும்தான் அந்தப் படத்தின் அனுபவம். திரையில் இரண்டுமே கிடைக்காது. இருந்தும் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தயக்கம் இருக்கவில்லை.

பௌத்த மரபையும் நவீனத்தையும் 'கலந்தவர்' என்கிறார்கள். எதுவும் எதிலும் கரைந்ததாக எனக்குத் தெரியவில்லை. திபெத்தியத் தங்கா ஓவியத்தில் முதலில் துணியின்மேல் அளவுக்கோடுகள் விழுகின்றன. முகம் இவ்வளவு, தோள் இவ்வளவு என்பதெல்லாம் சாஸ்திரம். நம் ஸ்தபதிகளின் தாலக் கணக்குக்குத் தாயாதி. பிறகு வர்ணம் ஏறிக் கோடுகள் மறைந்துவிடும். கியாட்ஸோ சில படங்களில் அவற்றை மறைப்பதில்லை. வர்ணம் இருக்க வேண்டிய இடத்தில் கார்ட்டூன் முகங்களும் வியாபாரச் சின்னங்களும் வந்து அடைந்துகொள்கின்றன. ஆனால் தோளின் அகலம் மட்டும் சாஸ்திரப்படியே நிற்கிறது. குப்பையைத் தாங்குவது அந்தக் கணக்கு. இதைச் சாமர்த்தியம் என்று சொல்ல இப்போது கூசுகிறது.

அந்தக் கணக்கு அவருக்குப் பிறப்போடு வந்ததும் அல்ல. 1961-இல் லாசாவில் பிறந்தவர், பெய்ஜிங்கில் சீனத் தூரிகை ஓவியம் படித்தார். தங்கா கற்றது 1990-களில், வளர்ந்த பிறகு, தர்மசாலாவில். 1996-இல் லண்டன் போனார். 2003-இல் 'என் அடையாளம்' என்று நான்கு புகைப்படங்கள். ஓவியன் ஒருவனே, உட்காரும் விதமும் ஒன்றே. உடையும் அறையும் மாறுகின்றன. எதிரே உள்ள படத்தில் முதலில் புத்தர், அடுத்து மாவோ, பிறகு தலாய் லாமா, கடைசியில் ஒரு அரூபம். இதில் எது வேஷம் என்று அவர் சொல்வதில்லை.

எல்லாவற்றையும் நான் ஏற்கவில்லை. சில படங்களில் வேடிக்கை முதல் பார்வையிலேயே தீர்ந்துபோகிறது. 2009 வெனிஸ் பியன்னாலேயில் இடம்பெற்றவர் அவர். புத்தரும் பொம்மையும் சேர்ந்தால் ஓவியச் சந்தைக்குப் பிடிக்கும் என்பது அவருக்கும் தெரியாமலிராது.

ஆனால் என் கேலி இதிலிருந்து பிறந்ததல்ல. ஆங்கில பி.ஏ. வகுப்பில் எலியட்டைப் படித்த நான் குறுந்தொகைக்கு வந்தது அதற்கும் பல வருஷங்களுக்குப் பின், அதுவும் ஏ.கே. ராமானுஜனின் ஆங்கில மொழிபெயர்ப்பு வழியாக. இதை எந்தக் கட்டுரையிலும் நான் சொன்னதில்லை. சங்கப் பாடல் சிறு வயதிலிருந்தே காதில் விழுந்துகொண்டிருந்தது போன்ற தோரணையில்தான் எழுதி வந்திருக்கிறேன். கியாட்ஸோ தான் தாமதமாகக் கற்றதைக் கோடு தெரிய அப்படியே விட்டுவிடுகிறார்.

நண்பர் அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருப்பதாகச் சொன்னார். திருப்பிக் கேட்டிருக்கிறேன், தர மறுக்கிறார்.