ஓட்டுநரின் காலுக்கு யார் பொறுப்பு?

விடியுமுன் ஓசூர் சிப்காட்டுக்கு ஆளேற்றிப் போகும் கான்ட்ராக்ட் பஸ்களை ஓட்டுபவர்களில் எங்கள் காலனிக்காரர்களும் உண்டு. என் பெரியப்பா மகன் அவர்களில் ஒருவர். ராயக்கோட்டை சாலையில் பஸ் சாலையைவிட்டு இறங்கிப் புளியமரத்தில் மோதியது. பயணிகளுக்குச் சிராய்ப்புதான். ஸ்டியரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவே சிக்கிய அண்ணனுக்குத் தொடையெலும்பு முறிந்தது.

முதல் 48 மணி நேரச் செலவை அரசின் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் ஏற்றது. அதன்பிறகு கான்ட்ராக்டர் எட்டிப்பார்க்கவில்லை. “உன் மேலதான் எஃப்.ஐ.ஆர். உனக்கென்ன நஷ்டஈடு?” என்றார் போனில். காலனிக்காரன் திருப்பிக் கேட்கமாட்டான் என்ற தெம்பு. வீட்டிலும் நம்பிவிட்டார்கள். நிலமில்லாத வீட்டுக்கு அந்த லைசென்ஸ்தான் நிலம்.

தோழர்களே, அவர் சொன்னது பொய். 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், வேலையில் பட்ட காயமா என்றுதான் பார்த்தது. ஓட்டுநரின் கவனக்குறைவு உரிமையைப் பறிக்காது. 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் இது தொடர்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 147ஆம் பிரிவுப்படி பஸ்ஸின் இன்சூரன்ஸ் ஓட்டுநருக்கான இந்தப் பொறுப்பையும் சுமக்கவேண்டும். இ.எஸ்.ஐ.யில் இருப்பவருக்கு வழி வேறு: வேலைக்குப் போகமுடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம்.

அண்ணனின் மனு இப்போது தொழிலாளர் துறையில் இருக்கிறது. அடிபட்ட ஓட்டுநரைப் பார்க்கப் போனால் இரண்டு கேள்வி கேளுங்கள்: இ.எஸ்.ஐ. எண் உண்டா? இல்லையென்றால், பஸ்ஸின் இன்சூரன்ஸ் நகல் எங்கே?