பின்பலகை சொல்லாத பொருத்தம்

திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டிய தெருக்களில் வானொலியும் தொலைக்காட்சியும் திருத்தும் கடைகள் பெரும்பாலும் ஒரு மேசையளவு அகலம்தான். மேல்மூடி கழற்றிய அம்பிளிபயர் ஒன்று மேசையில் கிடக்கும். சுவரோரமாக இரண்டு மர ஸ்பீக்கர் பொக்ஸ்கள் நிற்கும். அதே காலத்தவை, ஆனால் வேறு கம்பனி செய்தவை. கொண்டுவருகிறவர்கள் கேட்கும் கேள்வியும் ஒன்றுதான்: "அண்ணை, இந்த அம்புக்கு இந்தப் பொக்ஸ் சரிவருமா?" இந்தத் தொழிலைப் பார்க்கப் போன எனக்கு, அந்தக் கேள்வியைவிட அதற்குப் பதில் தேடப்படும் வழியே முக்கியமாகப் பட்டது. திருத்துபவர் பின்பலகையில் உள்ள எண்களைப் படிக்கிறார். ஆனால் அதோடு நின்றுவிடுவதில்லை. ஸ்பீக்கரின் காகிதக் கூம்பில் விரல்களைச் சமமாக வைத்து மெல்ல உள்ளே அழுத்துகிறார், காதை அருகே கொண்டுபோகிறார், உள்ளே ஏதும் உரசுகிறதா என்று கேட்கிறார். நாங்கள் சாதகப் பொருத்தம் பார்ப்பது பிறந்த நேரத்தை வைத்து. பின்பலகையும் அந்தப் பொருள் தொழிற்சாலையில் பிறந்த நாளின் சாதகம்தான். நாற்பது, ஐம்பது ஆண்டுகள் கழித்து அதன் உடம்பு எப்படியிருக்கிறது என்பதை அது சொல்லாது. ஆகவே பழைய அம்பிளிபயரைப் பழைய ஸ்பீக்கருக்குப் பொருத்துவது இரண்டு எண்களைக் கூட்டிக் கழிக்கும் கணக்கல்ல என்பதே என் வாதம். வயதான இரண்டு பொருட்களையும், அவை இருக்கப்போகும் ஊரையும் அறையையும் சேர்த்துப் பார்க்கும் கைத்தொழில் அது.

எண்கள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முதலில் பார்க்க வேண்டியது ஓம் கணக்குத்தான். 8 ஓம் என்று எழுதிய ஸ்பீக்கரை மீற்றரில் பிடித்தால் ஏறத்தாழ 6 ஓம் காட்டும். 4 ஓம் என்றால் 3 ஓமுக்குச் சற்று மேலே. அது பழுதல்ல. மீற்றர் நேரோட்டத்தின் தடையை அளக்கிறது. பின்பலகை சொல்வது ஆடலோட்டத்தில் எழும் தடங்கலை. அந்தத் தடங்கலும் ஒரே எண்ணில் நிற்பதில்லை; சுருதி ஏறி இறங்க அதுவும் ஏறி இறங்கும். பழைய பொக்ஸ்களுக்கிடையே இந்த வேறுபாடு பெரிது. பிபிசி தன் ஒலிபரப்பு வேலைக்காக 1970களில் வடிவமைத்த எல்எஸ்3/5ஏ என்ற சிறிய பொக்ஸ் முதலில் 15 ஓம். அமெரிக்காவின் ஏஆர்-3ஏ என்ற பொக்ஸ் 4 ஓம். 1970களின் ஜப்பானிய ஸ்ரீரியோ அம்பிளிபயர்கள் பலவற்றில் ஏ, பி என்று இரண்டு சோடி ஸ்பீக்கர் பூட்ட இடமுண்டு. 8 ஓம் சோடிகள் இரண்டைச் சமாந்தரமாகப் பூட்டினால் அம்பிளிபயர் உணர்வது 4 ஓம். 4 ஓம் சோடிகள் இரண்டென்றால் 2 ஓம். ஓம் குறையக் குறையக் கரண்ட் கூடும். சத்தம் நன்றாக வருகிறதே என்று விட்டுவைத்தால் அவுட்புட் ட்ரான்சிஸ்ரர் எரிந்துபோகும். இந்தத் தவறு நேராமல் தடுக்க எண்ணறிவு போதும்.

அடுத்த எண்ணான வாற்றில்தான் குழப்பம் தொடங்குகிறது. வாற் கூடினால் சத்தம் கூடும் என்பது பொதுவான நம்பிக்கை. ஆனால் கொடுத்த ஒரு வாற்றை ஸ்பீக்கர் எவ்வளவு ஒலியாக்குகிறது என்பதே உண்மையில் கணக்கு. போல் கிளிப்ஷ் 1940களில் அமெரிக்காவில் உருவாக்கிய கிளிப்ஷ்ஹோர்ன் என்ற மூலை ஸ்பீக்கர், ஒரு வாற் கொடுத்தால் ஒரு மீற்றர் தூரத்தில் 100 டெசிபெலுக்கு மேல் ஒலிக்கும். எல்எஸ்3/5ஏ அதே ஒரு வாற்றில் ஏறத்தாழ 83 டெசிபெல்தான். 10 டெசிபெல் கூட வேண்டுமானால் வாற்றைப் பத்து மடங்காக்க வேண்டும். 20 டெசிபெலுக்கு நூறு மடங்கு. கிளிப்ஷ்ஹோர்ன் ஒரு வாற்றில் தரும் சத்தத்தைச் சிறிய பொக்ஸில் எட்ட நினைத்தால், அது தாங்கக்கூடிய எல்லையைத் தாண்டிவிடுவோம். ஆகவே "இது எத்தனை வாற்?" என்று மட்டும் கேட்பது, தரையையும் பயிரையும் பாராமல் எத்தனை வாளி தண்ணீர் ஊற்றலாம் என்று கேட்பதைப் போன்றது. திருகோணமலையில் கோயில் திருவிழாக்களுக்குக் குழாய் ஒலிபெருக்கி கட்டுபவர்களுக்கு இது பழகிய அறிவு. கொஞ்ச வாற்றிலேயே குழாய் தெருக்கோடிவரை கேட்கும் என்பதும், அதே அம்பிளிபயரை வீட்டுப் பொக்ஸில் பூட்டினால் அந்த வீச்சு கிடைக்காது என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

சிறிய அம்பிளிபயர் என்றால் ஸ்பீக்கருக்கு ஆபத்தில்லை என்ற எண்ணமும் பிழை. சக்தி போதாத அம்பிளிபயரை முழுதாகத் திருகினால் அலையின் உச்சி வெட்டுப்பட்டுத் தட்டையாகிறது. அந்த வெட்டு புதிய உயர்சுருதிகளை உண்டாக்கும்; அவை நேரே உயர்சுருதிக்கான சிறிய ஸ்பீக்கரான ட்வீற்றருக்குப் போய் அதன் மெல்லிய கம்பிச் சுருளைச் சூடாக்கி அறுத்துவிடும். மறுபக்கமும் உண்மைதான். இங்கிலாந்தின் குவாட் கம்பனி 1957இல் வெளியிட்ட மின்நிலை ஸ்பீக்கர், அதே கம்பனியின் 15 வாற் வால்வ் அம்பிளிபயரோடு இசைவாகப் பாடியது. 1975இல் அவர்களே செய்த 405 என்ற 100 வாற் அம்பிளிபயரை அதே ஸ்பீக்கருக்குப் பூட்ட வேண்டுமானால் வோல்ற்றேஜை மட்டுப்படுத்தும் சுற்று தேவைப்பட்டது. ஒரே கம்பனி, ஒரே பெயர்ப்பலகை என்பதும் பொருத்தத்துக்கு உறுதியல்ல. சிறிது நல்லது, பெரிது நல்லது என்று பொதுவிதி எழுத இங்கே இடமில்லை. எந்த இரண்டும் எந்த அறையில், எவ்வளவு சத்தத்தில் சேர்ந்து ஒலிக்கப்போகின்றன என்பதுதான் கேள்வி.

பொருந்துதல் என்ற சொல்லுக்கே மின்னியலில் ஒரே பொருள் இல்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். இதே திருகோணமலை மாவட்டத்தில் ஜேர்மனியின் டொய்ச்ச வெல்ல வானொலி 1984இல் ஓர் அஞ்சல் ஒலிபரப்பு நிலையத்தை அமைத்தது. அப்படிப்பட்ட நிலையத்தில் ஒலிபரப்பியின் தடங்கலும் அன்ரெனாவின் தடங்கலும் சமமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அனுப்பிய சக்தியின் ஒரு பங்கு திரும்பிவரும். வால்வ் அம்பிளிபயரும் ஏறத்தாழ இந்த வழியில் போகும். அதன் அவுட்புட் ட்ரான்ஸ்போமரில் 4, 8, 16 ஓம் என்று தனித்தனி முனைகள் உண்டு. ஸ்பீக்கருக்கு உரிய முனையில் பூட்ட வேண்டும். ஸ்பீக்கரே பூட்டாமல் அதைச் சத்தமாக ஓடவிட்டால் ட்ரான்ஸ்போமரில் வோல்ற்றேஜ் எகிறிச் சுற்று பழுதாகலாம். ட்ரான்சிஸ்ரர் அம்பிளிபயரோ இதற்கு நேர்மாறு. அதன் உள்தடங்கல் பெரும்பாலும் ஓர் ஓமின் சிறு பகுதியே. அது 8 ஓமோடு சமமாக வேண்டியதில்லை, ஆகவும் கூடாது. அந்த வித்தியாசம்தான் கூம்பைக் கட்டுக்குள் வைத்து, தவிலின் அடியை இழுபடாமல் நிறுத்துகிறது. ஸ்பீக்கர் இல்லாமல் ஓடினாலும் அதற்குக் கேடில்லை. வயர் ஒன்றோடொன்று தொட்டால்தான் கேடு. ஒன்றுக்கு மருந்தாவது மற்றொன்றுக்கு நஞ்சு. வால்வ் காலத்து அறிவை ட்ரான்சிஸ்ரருக்கு அப்படியே கொண்டுவருபவர் நல்லெண்ணத்தோடே பொருளைக் கெடுத்துவிடுவார்.

இனி ஊரைப் பார்ப்போம். துறைமுக நகரத்தின் காற்றில் உப்புண்டு. அது செம்பு முனைகளில் பச்சைக் களிம்பாகப் படியும், சுவிட்சிலும் றிலேயிலும் தொடுமுனைகளைக் கறுப்பாக்கும், ஸ்பீக்கரின் காந்த இடைவெளியில் துருவைப் பிடிக்கவைத்துக் கம்பிச் சுருளை உரசவைக்கும். கூம்பை அழுத்திப் பார்ப்பது இதற்காகத்தான். வாடைக்காற்றோடு மழை வரும் மாதங்களில் ஈரம் எல்லாவற்றிலும் ஊறும். கச்சான் அடிக்கும் மாதங்களில் அதே பொருள் காய்ந்து தூசு படியும். கூம்பைச் சுற்றியுள்ள விளிம்பு ரப்பராகவோ துணியாகவோ இருந்தால் பல தசாப்தம் நிற்கும். 1970, 80களில் பரவிய போம் விளிம்போ ஈரத்தில் சிதைந்து, தொட்டால் மாவாக உதிரும். பொக்ஸுக்குள் சுருதியைப் பிரித்து அனுப்பும் கொண்டென்சர்களும் வயதில் அளவு மாறுகின்றன. பின்பலகை 8 ஓம் என்றே சொல்லிக்கொண்டிருக்க, உள்ளே ட்வீற்றருக்குப் போகும் பங்கு வேறாகியிருக்கும். ஜப்பானுக்குள் விற்கச் செய்த செற்றென்றால் அது கேட்பது 100 வோல்ற். இலங்கையில் வருவது 230 வோல்ற். இடையில் ஸ்ரெப்டவுன் ட்ரான்ஸ்போமர் இல்லாமல் பூட்டினால், பொருத்தம் பார்க்க எதுவும் மிஞ்சாது.

இதனால்தான் திருத்துபவரின் வரிசை எனக்கு அறிவார்ந்த வரிசையாகத் தெரிகிறது. முதல் வேலை ஸ்பீக்கரைப் பூட்டுவதல்ல. நெடுநாள் உறங்கிய அம்பிளிபயரை நேரே பிளக்கில் செருகாமல், பழைய இழை பல்ப் ஒன்றைத் தொடரில் வைத்து ஓடவிடுவார். பல்ப் ஒருகணம் மின்னி மங்கினால் நல்லது. பிரகாசமாகவே நின்றால் உள்ளே எங்கோ ஷோர்ட். ஒரு பல்ப் செலவில் ட்ரான்ஸ்போமர் தப்புகிறது. அடுத்து ஸ்பீக்கர் முனைகளில் நேரோட்டம் கசிகிறதா என்று அளப்பார். சில பத்து மில்லிவோல்ற் பரவாயில்லை. அதற்கு மேல் ஏறிக்கொண்டே போனால், நல்ல ஸ்பீக்கரை அதில் பூட்டுவது அதைக் கொளுத்துவதற்குச் சமம். பிறகும் முதலில் பூட்டுவது வாடிக்கையாளரின் பொக்ஸை அல்ல, போனால் போகட்டும் என்று வைத்திருக்கும் சோதனை ஸ்பீக்கரை. கடைசியில்தான் பொக்ஸ், குறைந்த சத்தத்தில், அதுவும் பேசும் குரலில். தாளத்தைவிட மனிதக் குரலின் சிறு கோணலைக் காது உடனே பிடித்துவிடும் என்பதுதான் காரணம்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு: காது ஏமாறும், மீற்றர் ஏமாறாது, ஆகவே இந்தக் கைப்பழக்கத்தை அறிவு என்று உயர்த்தலாமா? காது ஏமாறும் என்பது சரி. சற்றுச் சத்தமாக ஒலிப்பது நல்லதாகத் தோன்றும். விலை கூடியது இனிமையாகத் தோன்றும். ஆனால் மேலே சொன்ன வரிசையில் காது மீற்றருக்குப் போட்டியாக வரவில்லை. உரசலைக் கேட்கக் காது, கசிவை அளக்க மீற்றர், ஷோர்ட்டைக் காட்டப் பல்ப். எதை எதனால் அறிவது என்ற தெளிவே அங்கே அறிவு. அந்தத் தெளிவு இல்லாமல் இரண்டு அம்பிளிபயர்களை அடுத்தடுத்துக் கேட்டு, "இதில் இதம் இருக்கிறது" என்று தீர்ப்பளிப்பவரை நான் இங்கே காக்க வரவில்லை.

இன்னும் கடினமான மறுப்பு: இவ்வளவு பாடு எதற்கு? கைபேசியோடு சேரும் புதிய புளூரூத் பெட்டி மலிவு. அம்பிளிபயரும் ஸ்பீக்கரும் உள்ளேயே அளவெடுத்துப் பொருத்தப்பட்டவை. இதில் உண்மை இருக்கிறது. பழையது என்பதனாலேயே ஒன்று இனிமையாகிவிடாது. இன்றைய சிறிய டி வகுப்பு அம்பிளிபயர் பல பழைய அம்பிளிபயர்களைவிடக் குறைந்த கோணலோடு ஓடுகிறது. பழைய அம்பிளிபயர் திருத்த முடியாத நிலையிலும் பொக்ஸ் நன்றாகவும் இருந்தால், அந்தப் பொக்ஸுக்குப் புதிய அம்பிளிபயரைப் பூட்டுவதே சரி என்று நானும் சொல்வேன். ஆனால் அப்போதும் பொருத்தம் பார்க்காமல் முடியாது. டி வகுப்புச் சில்லுகள் பலவற்றில் இரண்டு பக்கத்துக் கழித்தல் முனைகளையும் ஒன்றாக்கக் கூடாது; பழைய வயரிங்கில் அவை ஒன்றாக்கப்பட்டிருக்கலாம். மேலும், எல்லாவற்றையும் ஒரே பலகையில் ஒட்டிச் செய்த பெட்டியில் ஒன்று பழுதானால் முழுவதும் குப்பை. பழைய பொக்ஸில் விளிம்பு போனால் விளிம்பு, கொண்டென்சர் போனால் கொண்டென்சர். பிரித்துப் பார்க்கக்கூடிய பொருளே திருத்தும் தொழிலை உயிரோடு வைத்திருக்கிறது. அந்தத் தொழிலிலிருந்துதான் வீட்டு மின்விசிறியும் தையல் மெசின் மோட்டாரும் திருத்தும் கைகளும் ஊருக்குக் கிடைக்கின்றன.

இந்த அறிவு அடுத்த கைக்குப் போகுமா என்பதே என் கவலை. பாடசாலையில் பிள்ளைகள் "நிலைமாற்றி", "கொள்ளளவி" என்று படிக்கிறார்கள். கடைக்கு வந்தால் "ட்ரான்ஸ்போமர்", "கொண்டென்சர்". இரண்டும் ஒன்றென்று மேசையில் வைத்துக் காட்ட ஆள் வேண்டும். பக்கத்தில் நின்று பார்க்கவும் ஒரு தம்பி வேண்டும். அதைவிட எளிய வேலை ஒன்றை இன்றே தொடங்கலாம். திருத்தி முடித்த ஒவ்வொரு அம்பிளிபயரின் மூடிக்குள்ளும், ஒவ்வொரு பொக்ஸின் உட்புறத்திலும் ஒரு காகிதத் துண்டு ஒட்டப்பட வேண்டும்: திருத்திய நாள், அளந்த ஓம், கசிவு எத்தனை மில்லிவோல்ற், மாற்றிய கொண்டென்சரின் அளவு, எந்தப் பொக்ஸோடு பூட்டிப் பார்த்தது. பின்பலகை அந்தப் பொருள் எப்படிப் பிறந்தது என்று சொல்லட்டும். இந்த ஊரின் உப்பிலும் ஈரத்திலும் அது எப்படி இருக்கிறது என்பதை, பத்து ஆண்டுகள் கழித்து மூடியைத் திறக்கும் இன்னொரு திருத்துபவருக்கு அந்தத் துண்டு தமிழில் சொல்லும்.