சூளை ஆறும் வரை

புதிய ஊருக்குச் செல்கின்றவன் அவ்வூரைப் பார்க்கின்றான். அவ்வூரும் அவனைப் பார்க்கின்றது. இவ்விரு பார்வைகளும் ஒன்றையொன்று அறிந்துகொள்ளக் காலம் பிடிக்கும். எளிய இவ்வுண்மையை ஐம்பது வயதைக் கடந்த பின்னரே நாம் முழுமையாகக் கற்றோம். கற்பித்தவன் இருபது வயது மாணவன் ஒருவன். கற்ற இடம் விருத்தாசலம்.

நாம் அவ்வூரில் பங்குப்பணி ஆற்றிய நாள்களில், ஓர் ஆடி மாத மாலையில், தோளில் பையும் கையில் கடிதமுமாக அவன் பங்கு இல்லத்து வாயிலில் வந்து நின்றான். தாமிரபரணிக் கரையில் உள்ள சிற்றூர் ஒன்றில் பிறந்தவன்; சென்னையில் செராமிக் தொழில்நுட்பம் பயின்றுகொண்டிருந்தவன். ஒரு பருவம் முழுவதும் தொழிற்கூடம் ஒன்றில் பயிற்சி பெறுவதற்காக வந்திருந்தான். கடிதம் அவனுடைய பங்குத்தந்தை எழுதியது. "பையன் நல்லவன், அவசரக்காரன், பார்த்துக்கொள்ளுங்கள்" என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

அருகிலேயே தங்குவதற்கு ஓர் அறை பார்த்துக் கொடுத்தோம். முதல் நாள் உணவின்போதே அவன் மனக்குறை வெளிப்பட்டது. "என்கூடப் படிக்கிறவங்க குஜராத்துல மோர்பிக்குப் போயிருக்காங்க, சாமி. அங்க பெரிய பெரிய டைல்ஸ் கம்பெனி. எனக்கு மட்டும் பொம்மை செய்யிற ஊரு" என்றான். சிறுமையுற்றவனின் குரல் அது. நாம் ஏதோ ஆறுதல் சொன்னோம். சொன்னது நமக்கே நம்பிக்கை தரவில்லை.

விருத்தாசலத்தைப் பீங்கான் நகர் என்று சொல்வதுண்டு. செராமிக் தொழிலைக் கற்பிக்கும் அரசுக் கல்லூரி அங்கு உள்ளது. செராமிக் தொழிற்பேட்டையும் உள்ளது. பக்கத்து நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் மண்ணடுக்குகளில் வெண்களிமண்ணும் உண்டு. பழைய மின்பெட்டிகளில் நாம் காணும் வெள்ளை ஃபியூஸ் கட்டைகள், நவராத்திரிக் கொலுவுக்கான பொம்மைகள், கார்த்திகைக்கான அகல் விளக்குகள் ஆகியவை அங்குள்ள சிறு பட்டறைகளில் உருவாகின்றன. அப்பட்டறைகளுள் ஒன்றில்தான் இவனுக்குப் பயிற்சி. இவை யாவும் நமக்குத் தெரியும். ஆனால் நான்கு ஆண்டுகளாக அவ்வூரில் வாழ்ந்தும் ஒரு பட்டறையின் உள்ளேயும் நாம் கால் வைத்ததில்லை. கோயில், பள்ளி, மருத்துவமனை, தொடர்வண்டி நிலையம் என்னும் நான்கு இடங்களுக்குள் நம் விருத்தாசலம் அடங்கியிருந்தது.

ஞாயிறு திருப்பலிக்குப் பின் அவன் வருவான், இருவரும் நடப்போம். அவன் முதலில் காண விரும்பியது ஆற்றை. அவனுடைய நெல்லைச் சீமையிலும் மணிமுத்தாறு உண்டு. மலையிலிருந்து அருவியாய் இறங்கி, அணையில் தேங்கி, தாமிரபரணியில் கலக்கும் ஆறு அது. அதே பெயர் தாங்கிய ஆறு இங்கும் இருக்கிறது என்று கேட்டு ஆவலோடு வந்தவன், கரையில் நின்று திகைத்தான். எதிரே மணலும் முட்செடியுமே விரிந்து கிடந்தன. "பேரு மட்டுந்தான் ஒண்ணு" என்றான். சுந்தரர் இவ்வாற்றில் பன்னீராயிரம் பொன்னை இட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் எனப் பெரியபுராணம் கூறுவதை அவனுக்குச் சொன்னோம். "இந்த மணல்ல போட்டா இங்கேயே எடுத்திரலாமே, சாமி" என்று சிரித்தான்.

பழமலைநாதர் கோயிலின் ஐந்து கோபுரங்களையும் வெளியே நின்று எண்ணினோம். அங்குள்ள வன்னி மரத்தைப் பற்றி ஊரார் சொல்லும் கதையை அவனே நமக்குச் சொன்னான், பட்டறையில் கேட்டதாம். கோயில் திருப்பணி செய்த விபசித்து முனிவர் மாலைதோறும் தொழிலாளருக்கு வன்னி இலைகளையே கூலியாகக் கொடுப்பாராம். அவரவர் உழைத்த அளவுக்கு அவ்விலைகள் பொற்காசுகளாக மாறுமாம். "நல்ல முதலாளி" என்றான். அந்தக் கதை அவனைப் பின்னர் எவ்வளவு வருத்தப் போகிறது என்பது அப்போது எங்கள் இருவருக்கும் தெரியாது.

பட்டறையைப் பற்றி அவன் பேசத் தொடங்கினால் முகம் மலரும். களிமண், குவார்ட்ஸ் என்னும் படிகக்கல், பெல்ட்ஸ்பார் ஆகியவற்றை நீரோடு சேர்த்து உருளைக்குள் நாள்கணக்கில் அரைப்பதையும், அக்குழம்பை பிளாஸ்டர் அச்சில் ஊற்றுவதையும், அச்சு நீரை உறிஞ்ச உறிஞ்ச ஓரத்தில் தோல்போல் படிவதையும், எஞ்சியதைக் கவிழ்த்துவிட்டால் உள்ளே பொம்மை நிற்பதையும் கைகளாலேயே காட்டுவான். காய்ந்து வெந்தபின் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு சுருங்கிவிடும் என்றும், வேண்டிய அளவைவிடப் பெரிதாகவே அச்சு செய்ய வேண்டும் என்றும் விளக்குவான்.

பொம்மைகளின் பிசிறு நீக்கி வண்ணம் தீட்டும் மூதாட்டி ஒருவர் அப்பட்டறையில் இருந்தார். தன் ஊர் வழக்கப்படி இவன் அவரை "ஆச்சி" என்று அழைக்க, "நான் என்ன செட்டியார் வூட்டு ஆச்சியா? ஆயான்னு கூப்புடு" என்று அவர் சொல்ல, பட்டறையே சிரித்ததாம். அன்று முதல் அவன் நாவில் ஆயா ஏறியது. மாலையில் ஒவ்வொரு நாளும் வெவ்வேறு தெரு வழியாக அறைக்குத் திரும்புவான். எந்தக் கடையில் தேநீர் நன்றாயிருக்கும், சேலம் வண்டி எப்போது போகும், எந்தத் தெருவில் மண்பாண்டம் வனைகிறார்கள் என்பவற்றை இரண்டு மாதத்தில் அறிந்துவிட்டான். நாம் கேட்க, அவன் சொல்ல, வழிகாட்டியும் விருந்தாளியும் இடம் மாறிவிட்டோம்.

புரட்டாசி பிறந்தது. கொலுப் பொம்மைகளுக்கு வணிகர்கள் நெருக்கும் நேரம். வண்ணமும் மெருகும் ஏற்றிய பொம்மைகளைச் சூளையில் அடுக்கி, 1200 டிகிரியை ஒட்டிச் சுட்டு, நெருப்பை அணைத்திருந்தார்கள். இனி ஆற வேண்டும். உரிமையாளர் வெளியே சென்றிருந்தார். வணிகர் ஒருவர் வந்து காத்திருந்தார். இவன் துளை வழியே உள்ளே பார்த்தான். செம்மை தெரியவில்லை; ஆறிவிட்டது என்று எண்ணிக் கதவைத் திறந்துவிட்டான்.

நல்ல வெயில் நேரத்தில் சூளையின் மங்கிய செம்மை கண்ணுக்குப் புலப்படாது. குளிர்ந்த காற்று உள்ளே புகுந்தது. சற்று நேரத்தில் "டிங், டிங்" என்று மெல்லிய ஒலிகள் எழத் தொடங்கின. "சின்ன மணி அடிக்கிற மாதிரி இருந்துச்சு, சாமி. முதல்ல அழகா இருக்குன்னு நெனச்சேன்" என்று பின்னர் நம்மிடம் கூறினான்.

குவார்ட்ஸ் படிகக்கல் 573 டிகிரி செல்சியசில் தன் உள்ளமைப்பை மாற்றிக்கொள்ளும் இயல்புடையது. சூடேறுகையில் அவ்விடத்தில் சட்டெனப் பெருக்கும். ஆறுகையில் சட்டெனச் சுருங்கும். மெல்லக் கடந்தால் பாண்டம் தாங்கிக்கொள்ளும். விரைந்து கடந்தால் விரிசல் விடும். இந்த எண்ணை அவன் தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் பெற்றிருந்தான்.

அன்றிரவு ஒன்பது மணிக்குப் பையோடு பங்கு இல்லத்திற்கு வந்தான். தெற்கே செல்லும் வண்டியில் ஊருக்குப் போவதாகச் சொன்னான். உரிமையாளர் திட்டினாரா என்று கேட்டோம். "ஒரு வார்த்தை சொல்லல. அதுதான் தாங்கல" என்றான். பெண்களுக்கு உருப்படிக் கூலி. தேறிய பொம்மைக்கே காசு. "அவங்க முழுசா உழைச்சாங்க, சாமி. இலை பொன்னாகிறதுக்குள்ள நான் கதவத் திறந்துட்டேன்" என்றபோது அவன் குரல் உடைந்தது.

அவனைத் தடுக்க நம்மிடம் சொல் இல்லை. உடன் நடந்து நிலையத்திற்குச் சென்றோம். சென்னை, திருச்சி, சேலம், கடலூர் என்று நான்கு பக்கமும் தண்டவாளம் பிரியும் சந்திப்பு அது; ஓடிப் போக விரும்புகிறவனுக்கு வழி குறைவில்லை. நடைமேடை இருக்கையில் அமர்ந்திருக்கையில், எவரிடமும் சொல்லாத ஒன்றை அந்தப் பிள்ளையிடம் சொன்னோம்.

குருப்பட்டம் பெற்று நாம் முதன்முதல் பொறுப்பேற்ற பங்கில் வயது முதிர்ந்த உபதேசியார் ஒருவர் இருந்தார். மாலைச் செபத்தைத் தமக்கே உரிய பழைய மெட்டில் இழுத்து இழுத்துத் தொடங்குவார். மக்களும் அப்படியே தொடர்வார்கள். இறையியல் கற்று, வழிபாட்டுச் சீர்திருத்தம் குறித்த நூல்களையெல்லாம் கரைத்துக் குடித்து வந்திருந்த நமக்கு அது தாளக் குறையாகத் தோன்றியது. மூன்றே மாதத்தில் அப்பொறுப்பை இளைஞர் பாடகர் குழுவிடம் கொடுத்தோம். அவர் மறுப்புச் சொல்லவில்லை. மறுநாள் முதல் கோயிலில் கடைசி வரிசையில் போய் அமர்ந்தார். மெல்ல மெல்ல மாலைச் செபத்திற்கு வரும் கூட்டம் குறைந்தது. ஏதோ விரிசல் விட்டது என்பது நமக்கு விளங்கியது. ஆனால் ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. மறு ஆண்டில் நாமே மாற்றல் கேட்டுப் பெற்றுப் புறப்பட்டுவிட்டோம். சில ஆண்டுகள் கழித்து அவர் மறைந்த செய்தி வந்தது.

"நாமும் அன்று வண்டி ஏறினோம், தம்பி. அந்த வண்டியிலிருந்து இன்றுவரை இறங்கவில்லை" என்றோம்.

அவன் ஒன்றும் பேசவில்லை. வண்டி வந்தது, நின்றது. ஏறுவோர் ஏறினர். அவன் பையை மடியில் வைத்தபடி அமர்ந்திருந்தான். வண்டி நகர்ந்து, கடைசிப் பெட்டியின் சிவப்பு விளக்கும் மறைந்த பின், "பசிக்குது, சாமி" என்றான். நிலையத்து வாயிலில் இட்லி வாங்கிக் கொடுத்தோம்.

மறுநாள் தன் கையிலிருந்த பணத்தை அவன் ஆயாவிடம் நீட்டியிருக்கிறான். அவர் வாங்கவில்லை. "காசு கெடக்கட்டும். உக்காந்து தட்டிப் பாரு" என்று சொல்லிப் பொம்மைகளை அவன் முன் குவித்துவிட்டார். விரலால் தட்டினால் முழுப் பொம்மை கணீரென ஒலிக்கும். விரிசல் கண்டது சத்தென்று ஒலிக்கும். கண்ணுக்குத் தெரியாத விரிசலையும் காது காட்டிக்கொடுக்கும். நாள் முழுவதும் தட்டிக் கேட்டுப் பிரித்தான். தேறியவை அவன் அஞ்சியதைவிட மிகுதி. அடுத்த சூளைக்கு அவனே காவல் இருந்தான். இரண்டு இரவுகள் அதன் அருகிலேயே பாய் விரித்துப் படுத்தான். அந்தச் சூளையை உரிமையாளர் அவனைக் கொண்டே திறக்கச் செய்தார்.

ஐப்பசியில் ஒரு நாள், அருகில் உள்ள கோணாங்குப்பத்திற்கு அழைத்துச் சென்றோம். வீரமாமுனிவர் எழுப்பிய பெரியநாயகி அன்னை ஆலயம் அங்கே உள்ளது. 1680இல் இத்தாலியில் பிறந்து, 1710இல் இந்தியா வந்தவர் அவர். அவருடைய தேம்பாவணியின் காலம் 1726. சதுரகராதியின் காலம் 1732. ஆண்டுகளை அவனே விரல்விட்டு எண்ணினான். "பதினாறு வருசம் ஆற விட்டிருக்காரு" என்றான். விருத்தாசலத்துக் கோயிலில் அம்மனின் பெயரும் பெரியநாயகியே. ஊரார் நாவில் முன்பே பழகிய சொல் ஒன்றில் தம் அன்னையை அழைக்க அம்முனிவருக்கு இயன்றதென்றால், அவர் அதற்குமுன் எத்துணைக் காலம் அம்மக்களின் பேச்சைச் செவிமடுத்திருக்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டோம். நாம் நம் முதற்பங்கில் செவிமடுத்தது மூன்று மாதம்.

கார்த்திகைக்கு முந்திய வாரம் அவன் பயிற்சி முடிந்தது. அதற்குள் வடகிழக்குப் பருவமழை வலுத்திருந்தது. விடைபெறும் நாளில் ஆற்றங்கரைக்குச் சென்றோம். மணலை மூடிக்கொண்டு, செந்நிறமாய், இரு கரையும் தொட்டு மணிமுத்தாறு ஓடிக்கொண்டிருந்தது. ஆடியில் வந்து கார்த்திகையில் செல்பவனுக்கே அவ்வாறு தன்னைக் காட்டியது. அவன் நெடுநேரம் பார்த்துக்கொண்டே நின்றான். ஆயா கொடுத்த பீங்கான் அகல் ஒன்று அவன் பையில் இருந்தது.

இப்பொழுது அவன் மோர்பியில் பணியாற்றுகின்றான். சென்ற ஆண்டு தொலைபேசியில் அழைத்தான். நாமும் விருத்தாசலத்தை விட்டு வேறு பங்கிற்கு வந்துவிட்டோம். "இங்க உருளை மேல ஓடுற சூளை, சாமி. ஒரு மணி நேரத்துக்குள்ள டைல்ஸ் வெந்து ஆறி வெளிய வந்துடுது. ஆனா அந்த வேகத்துலயும் 573 பக்கம் வரும்போது மட்டும் மெதுவாத்தான் ஆற விடுறாங்க. பார்க்கும்போதெல்லாம் ஆயா ஞாபகம் வருது" என்றான். மணிமுத்தாற்றில் இட்டதை அவன் எங்கோ தொலைவில் எடுத்துக்கொண்டிருக்கிறான் என மகிழ்ந்தோம். பேச்சை முடிக்கும்போது, "நீங்க வண்டியிலிருந்து இறங்கிட்டீங்களா, சாமி?" என்று கேட்டான்.

அக்கேள்வியோடு ஒரு வாரம் தூக்கமின்றிக் கழித்தோம். பின்னர் நம் முதற்பங்கிற்குப் புறப்பட்டுச் சென்றோம். உபதேசியாரின் மகள் அவ்வூரிலேயே இருந்தார். தலை முழுதும் நரைத்திருந்தது. நாம் வந்த காரணத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். அவர் சற்று நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சாயங்காலம் செபத்துக்கு இருந்துட்டுப் போங்க, சாமி" என்றார்.

மாலையில் மணி அடித்தது. முன்வரிசையில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடியிருந்தனர். அவர் எழுந்து நின்று, தம் தந்தையின் மெட்டில், இழுத்து இழுத்துச் செபத்தைத் தொடங்கினார். நாம் கடைசி வரிசையில் அமர்ந்து கேட்டோம்.