அலமாரியில் இருந்த குரல்

இல்லந்தோறும் ஏதேனும் ஓர் அலமாரியில் பழைய மடிக்கணினி ஒன்று துணியில் சுற்றிக் கிடப்பதைக் காணலாம். மதுரை மகபூப்பாளையத்தில் எங்கள் இல்லத்திலும் ஒன்று கிடந்தது. 2013ஆம் ஆண்டு என் மகள் பிளஸ் டூ பயின்றபோது தமிழக அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினி அது. அதனுள் என் அத்தாவின் குரல் இருந்தது. மேலூரில் நெல் வியாபாரம் செய்த அவர், 2015இல் பேத்தி வேண்டிக்கொண்டதற்கிணங்க, தம் வாலிபக் காலத்து வண்டிப் பயணங்களையும் சந்தை வழக்கங்களையும் ஏழு மாலைப் பொழுதுகளில் கூறிப் பதிவு செய்தார். ஈராண்டுகளில் மறைந்தும் போனார். அப்பதிவுகளுக்கு வேறொரு படி எடுத்து வைக்க வேண்டும் என்னும் எண்ணம் எங்களில் எவருக்கும் உதிக்கவில்லை.

சென்ற ஆண்டு அதனைத் திறந்தபோது விண்டோஸ் தொடங்கவில்லை. கருந்திரையில் வெண்கோடு ஒன்று சிமிட்டிக்கொண்டே இருந்தது. பழுது பார்ப்பவர் ஒருவர், "ஃபார்மட் செய்தால்தான் சரியாகும், உள்ளிருப்பதெல்லாம் போய்விடும்" என்றார். நான் ஒன்றும் பேசாது கணினியை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு திரும்பிவிட்டேன்.

அவ்வாரம் திருமங்கலத்திலிருந்து வந்த என் தங்கை மகன், "பெரியம்மா, எதையும் அழிக்காமல் லினக்ஸ் வைத்துத் திறந்து பார்க்கலாமாம். நன்னாவின் குரலை முதலில் எடுத்துவிடுவோம்" என்றான். கல்லூரியில் நண்பர்கள் சொல்லக் கேட்டிருந்தானேயன்றி அவனும் இதற்குப் புதியவனே. லினக்ஸ் என்ற சொல்லையே அன்றுதான் செவியுற்றேன் என்று மகளிடம் தொலைபேசியில் கூறியபோது அவள் சிரித்துவிட்டாள். "அது நம் கணினியிலேயே இருந்ததம்மா! இடம் போதவில்லை என்று நான்தான் அழித்தேன்."

அவள் கூறியது மெய். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய அத்திட்டத்தில் வழங்கப்பட்ட கணினிகள் பலவற்றில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியன் என்னும் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு ஆக்கியது அது. லினக்ஸின் கருவை 1991இல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்டார். எவரும் பெறலாம், திருத்தலாம், பிறர்க்கும் வழங்கலாம். எனவேதான் ஆளுக்கொரு வகையாக அது கிளைத்திருக்கிறது. ஒன்று பழுதானால் மற்றொன்று கைகொடுத்திருக்கும்; நாங்களோ கைகொடுக்க இருந்ததையே அழித்துவிட்டிருந்தோம்.

எங்கள் கணினியின் நினைவகம் 2 ஜிபி மட்டுமே. ஆதலால் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ என்னும் எளிய வகையைத் தெரிந்தெடுத்தோம். அவன் தன் கணினியில் அதனை இறக்கி, புகைப்படத்தைப் போடுவதுபோல் பென் டிரைவில் போட்டான். எங்கள் கணினி அதனைச் சற்றும் மதிக்கவில்லை. ஒரு நாள் முழுதும் வீணான பிறகே, அக்கோப்பை ரூஃபஸ் போன்றதொரு செயலியால் பென் டிரைவில் எழுத வேண்டும் என்றறிந்தோம். மறுமுறை மின்விசையை அழுத்தியதும் எஃப்12 விசையைத் தட்டினோம். (இவ்விசை கணினிக்குக் கணினி வேறுபடும்.) பச்சை நிற இலச்சினை தோன்றியது!

கணினியில் எதனையும் நிறுவாமல், பென் டிரைவிலிருந்தே முழுத் திரையும் இயங்கியது எனக்கு வியப்பளித்தது. பழைய வன்தட்டு ஓரத்தில் ஒரு சிறு படமாய்த் தெரிந்தது. திறந்தோம். மகளின் பாடக் கோப்புகளுக்கிடையே "நன்னா" என்ற உறை. அதனுள் ஏழு பதிவுகள். வேறொரு பென் டிரைவிலும் அவன் கணினியிலும் படியெடுத்து, ஒவ்வொன்றையும் ஒலிக்கச் செய்து சரிபார்த்தோம். அந்த ஒரு மணி நேரம் அடுப்பில் குழம்பு தீய்ந்தது.

அதன் பின்னரே நிறுவலைத் தொடங்கினோம். வன்தட்டு முழுவதையும் அழித்து நிறுவலாமா என்று அது வினவியது. விண்டோஸ் இருக்கும் கணினியில் அதனை வைத்துக்கொண்டே அருகில் நிறுவவும் வழியுண்டு. அதனைப் படியாமல் விசையை அழுத்துவோர் அழுவர். எங்களுக்குக் காப்பதற்கு இனி ஏதுமில்லை. "நீங்களே அழுத்துங்கள் பெரியம்மா" என்றான். படியெடுத்தாயிற்று என்று தெரிந்தும் என் விரல் தயங்கியது.

அரை மணி நேரத்திற்கும் சற்று மிகுதியாகப் பிடித்தது. முடிந்ததும் வைஃபை காணவில்லை. கைப்பேசியை வடத்தால் இணைத்து அதன் இணையத்தைக் கொடுத்து, டிரைவர் மேனேஜர் வழியே அக்குறை நீங்கியது. தமிழ்த் தட்டச்சுக்குத்தான் இரு மாலைகள் கழிந்தன. 1999ஆம் ஆண்டு சென்னை மாநாட்டின் வழியே நிலைபெற்ற தமிழ்99 விசைப்பலகையை, ஐபஸ் என்னும் செயலியைச் சேர்த்து அமைத்துக்கொண்டேன். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட எனக்கு, உயிரெழுத்துகள் இடப்புறமும் மெய்கள் வலப்புறமும் அமைந்த அப்பலகை அரிச்சுவடிபோல் எளிதாகவே தோன்றியது.

இப்போது இஷாவுக்குப் பின் அமர்ந்து அத்தா சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்கிறேன். இரு பதிவுகள் முடிந்தன. மூன்றாவதில், வண்டி அச்சு முறிந்த கதையை நடுவில் நிறுத்தி, "தேத்தண்ணி கொண்டா ஆயி" என்று யாரையோ அழைக்கிறார். தொலைவிலிருந்து, "இதோ வர்றேன் அத்தா" என்று ஒரு குரல். அது என் குரல். அதனை எழுதுவதா விடுவதா என்று சற்று நேரம் திகைத்திருந்துவிட்டு, அதனையும் எழுதினேன்.