கடலோரம் ஓர் அறை

தில்லிக்குப் பணிமாறுதல் பெற்று வந்தபின் நானும் என் துணைவியும் கோடை விடுமுறையில்தான் சேர்ந்திருக்கிறோம். அவர் தஞ்சாவூரில் ஆசிரியர். சென்ற கோடையில் இரண்டு நாள் கடலோரம் தங்க எண்ணினோம். மாமல்லபுரத்தில் நீச்சற்குளம் உள்ள விடுதி ஒன்றை நான் பார்த்து வைத்திருந்தேன்.

“குளத்தில் நீந்தவா கடலுக்குப் போகிறோம்? அலையோசை கேட்கும் அறை போதும்” என்றார் அவர்.

ஆகவே தரங்கம்பாடிக்குச் சென்றோம். தரங்கம் என்றால் அலை. டேனியர் 1620இல் கட்டத் தொடங்கிய கோட்டை இன்றும் அங்குக் கடலைப் பார்த்து நிற்கிறது. தமிழில் புதிய ஏற்பாடு 1715இல் அச்சாகி முடிந்ததும் அவ்வூரிலேதான்.

எங்கள் விடுதி நான்கே அறைகள் கொண்ட பழைய ஓட்டு வீடு. மின்விசிறி முனகியது, வெந்நீர் வாளியில் வந்தது. நான் முகம் சுளித்தேன். துணைவி சாளரத்தைத் திறந்தார். அலையோசை அறையை நிறைத்தது.

“இரவில் அச்சமாக இராதா?” என்று விடுதி நடத்தும் மூதாட்டியிடம் கேட்டார்.

“2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் ஓராண்டு இந்தச் சாளரத்தை நான் திறக்கவில்லை, அம்மா. பிறகு, ஓசை கேளாமல் உறக்கம் வரவில்லை, திறந்துவிட்டேன்.”

அன்றிரவு நாங்கள் அதிகம் பேசவில்லை, நெடுநேரம் விழித்திருந்தோம்.

புறப்படும்போது அடுத்த கோடைக்கும் அதே அறைக்கு முன்பணம் கொடுத்தார் துணைவி. எவ்வளவு என்று என்னிடம் இன்னும் சொல்லவில்லை.