அக்குள் வரை நீளும் மார்பகம்

"கண் எரியுதா? பத்து நிமிஷத்துல பழகிடும்" என்றார் உடற்கூறியல் பேராசிரியை. ஃபார்மலின் நெடி தொண்டைவரை இறங்கியிருந்தது. எஃகு மேசையில் மல்லாந்து கிடத்தப்பட்டிருந்தவர் வயதான பெண்மணி. முகத்தை வெள்ளைத் துணி மூடியிருந்தது. உடல்தானமாக வந்தவர் என்பதற்கு மேல் யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சுற்றி முதலாண்டு மாணவர்கள். எம்.பி.பி.எஸ். படிப்பில் கத்தி முதலில் படும் இடம் பெரும்பாலும் மார்புதான் என்பதால் பாதிப் பேர் முகத்தில் பதற்றம்.

கத்திக்கு முன்னால் விரல். கழுத்துக்குழியிலிருந்து மார்பெலும்பின் மேல் விரலை நகர்த்தினால், சுமார் இரண்டு அங்குலத்தில் ஒரு சின்ன மேடு தட்டுப்படும். அதன் பக்கத்தில் ஒட்டியிருப்பது இரண்டாவது விலா. முதல் விலா காறை எலும்புக்கு அடியில் பதுங்கிவிடுவதால் எண்ணிக்கை இரண்டிலிருந்தே தொடங்குகிறது. துப்பட்டாவுக்குள் கையை விட்டு நானும் தடவிப் பார்த்தேன், மேடு இருந்தது.

மார்பகத்தின் எல்லையைப் பேராசிரியை பென்சிலால் வரைந்தார். மேலே இரண்டாம் விலா, கீழே ஆறாம் விலா. உள்பக்கம் மார்பெலும்பின் ஓரம், வெளிப்பக்கம் அக்குளின் நடுக்கோடு. பார்த்தால் தெரிகிற வடிவத்தைவிட அந்த வட்டம் எவ்வளவோ பெரியது.

தோலை உரித்ததும் மஞ்சள் கொழுப்பு. சுரப்பி, 15 முதல் 20 மடல்களாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் தனித்தனிக் குழாயாக முலைக்காம்பை நோக்கி வருகிறது. மூப்பில் சுரப்பி சுருங்கிக் கொழுப்பு மிஞ்சிவிடுவதால் இவரிடம் இரண்டு குழாய்களை மட்டுமே பிரித்துக் காட்ட முடிந்தது. இடுக்கி நுனியால் பேராசிரியை தூக்கிக் காட்டிய வெள்ளை இழைகள்தான் என்னை நிறுத்தின. தோலிலிருந்து கொழுப்பை ஊடுருவி ஆழத்துக்குப் போகும் நார்கள்; 19-ஆம் நூற்றாண்டு அறுவை மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பர் பெயரால் அழைக்கப்படுபவை. ஓர் இழையை உள்ளிருந்து இழுத்தார். மேலே தோலில் குழி விழுந்தது, இலவம்பஞ்சு மெத்தையில் நூல் இழுத்துத் தைத்த இடம் போல. உள்ளே புற்றுக்கட்டி இருந்தால் செய்கிற வேலையும் இதுவேதான். கட்டி கைக்குப் படுவதற்கு முன்பே கண்ணாடியில் குழி தெரியக்கூடும். தடவிப் பார்க்கச் சொல்லும் விழிப்புணர்வுத் தட்டிகள் கண்ணால் பார்க்கவும் சொன்னால் என்ன?

அடுத்து மார்பகத்துக்கும் தசைக்கும் நடுவே விரலை நுழைத்தார். தடையில்லாமல் போனது. இந்த இடைவெளி இருப்பதால்தான் மார்பகம் தசைமேல் நகர்கிறது. இடுப்பில் கையை அழுத்தி ஊன்றச் சொல்லி மருத்துவர் கட்டியை அசைத்துப் பார்ப்பது இதற்காகவே: தசை இறுகும்போது கட்டியின் அசைவு குறைந்தால், அது தசையைப் பற்றிவிட்டதோ என்று சந்தேகிப்பார்.

விலா இடுக்குகளைச் சீக்கிரமே கடந்தோம். ரத்தக் குழாய்களும் நரம்பும் விலாவின் கீழ் விளிம்பில் ஒட்டி ஓடுகின்றன. நெஞ்சு நீரை எடுக்கும் ஊசி அடுத்த விலாவின் மேல் விளிம்பை உரசிப் போவது அதனால்தான்.

"மேம், ஆம்பளைங்களுக்கும் மார்பகத் திசு இருக்குமா?" என்றான் ஒரு மாணவன்.

"இருக்குப்பா. மார்பகப் புற்றுநோய்ல ஏறக்குறைய நூத்துல ஒண்ணு ஆம்பளைக்குத்தான்."

பிறகு கையை விரித்து அக்குளைத் திறந்தார். சுரப்பித் திசு ஒரு வாலாக மேலேறி அக்குளுக்குள்ளேயே நுழைகிறது. அங்கே வரும் கட்டியை நெறிகட்டு என்று மஞ்சள் பற்றுப் போட்டுக் காத்திருக்கும் பெண்கள் இன்றும் உண்டு. கொழுப்புக்குள் பழுப்பாக, மொச்சை அளவில் நிணநீர் முடிச்சுகள். மார்பக நிணநீரில் சுமார் முக்கால் பங்கு இவற்றுக்குத்தான் வருகிறது. விலாவை ஒட்டி வெள்ளை நூலாய் ஒரு நரம்பு இறங்கியது. அறுவையில் அது அறுந்தால் தோள்பட்டை எலும்பு முதுகில் துருத்திக்கொள்ளும்.

மார்பகப் புற்றுக்கு அமெரிக்க அறுவை மருத்துவர் ஹால்ஸ்டெட் 1882-இல் தொடங்கிய அறுவை முறை மார்பகம், தசை, அக்குள் முடிச்சுகள் எல்லாவற்றையும் சேர்த்து எடுத்தது. பல பத்தாண்டுகள் அதுவே வழக்கம். அக்குள் முடிச்சுகளும் போனதால் பலருக்குக் கை வீங்கியே கிடந்தது. இன்று ஆரம்பக் கட்டத்தில், நீலச் சாயத்தை மார்பகத்தில் செலுத்தி, அது முதலில் போய்ச் சேரும் ஓரிரு முடிச்சுகளை மட்டும் எடுத்துச் சோதிக்கிறார்கள். அவற்றில் புற்று இல்லையென்றால் மற்ற முடிச்சுகளை விட்டுவிடுகிறார்கள்.